ஆறாவது விடயம்

கூட்டம் பத்து மணிக்கு என்று அழைப்பில் இருந்தது.
வந்தவர்கள் பதினொன்று நாற்பதுக்கு வந்தார்கள்.
இதை நான் எழுதவில்லை.
'தலைவர் வரவேற்றார்' என்று எழுதினேன்.

ஆயித்தியமலைக் கமநல மண்டபம்.
மின்விசிறி இரண்டில் ஒன்று சுற்றுகிறது,
அதன் கீழே கொழும்பிலிருந்து வந்தவர்களின் கதிரைகள்.
செயலாளர் நான். பேனை என் கையில்.
இரண்டரை ஏக்கரும் உண்டு,
அதில் ஒன்று குத்தகை.

சுவரில் வெளிச்சம் விழுந்தது:
அடுத்த பத்து வருட விவசாயம்.
அம்புக்குறிகள், வட்டங்கள்,
சிரிக்கிற விவசாயி ஒருவர்
(அந்தத் தொப்பியை எங்கள் வட்டையில் எவரும் போட்டதில்லை),
பிறகு வரைபடம்.
உன்னிச்சைத் தண்ணீர் நீலக் கோடாக இறங்கி
கடைக்கண்டம் வரை தடங்கலின்றி வந்து சேர்ந்தது.
இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

யாரோ சிரித்தார்கள். அதையும் எழுதவில்லை.

"கருத்து இருந்தால் படிவத்தில்,
ஆறாம் பெட்டியில், ஐம்பது சொல்லுக்குள்."

யோகமலர் எழும்பினார்.
உறுதி புருஷன் பேரில், கடன் அவர் பேரில்.
"ஐயா, ஒரு போகம் உரத்த நிப்பாட்டினீங்க,
ரேடியோவிலதான் கேட்டம்.
மறுகா குடுத்தீங்க, அதுவும் ரேடியோவிலதான்.
இந்தத் தரமாவது எங்களக் கேப்பீங்க எண்டு
களை பிடுங்கிறத விட்டுட்டு வந்தனான்.
ஐம்பது சொல்லுக்க
எந்தக் கண்டத்த எழுதாம விடுறது?"

பத்தக்குட்டி சிவலோகன் கூட்டத்தில் பேசாத ஆள்.
எழும்பி நேரே சுவரடிக்குப் போனார்.
நீலக் கோடு அவர் சட்டையில் ஏறியது:
முதுகில் வாய்க்கால்,
தோளில் அணைக்கட்டு,
பிடரியில் மாவட்டத்தின் பெயர்.
"மறைக்கிறீங்க, கொஞ்சம் விலகுங்க"
என்றான் கணினிப் பொடியன்.
"மறைக்கல்ல தம்பி. இதிலதான் நிக்கிறன்."

விரலை வைத்தார்.
"இது வாய்க்கால் இல்ல, யானை வாற வழி.
இது தூர்ந்து எட்டு வருஷம்.
இந்த மதகுக்குப் பலகை இல்ல,
வாழைக்குத்தி போட்டு மறிக்கிறம்.
இஞ்ச…"
விரல் நின்ற இடம் வெறும் வெள்ளை.
"இஞ்ச நாப்பது குடும்பம் மழைய நம்பி விதைக்கிறம்."

விசிறி சுற்றாத பக்கத்திலிருந்து
ஒன்றிரண்டு பேர், பிறகு நாலைந்து பேர்
சுவரடிக்கு வந்தார்கள். விரல்கள் கூடின.
அடுத்த பத்து வருடம்
கொஞ்ச நேரம் எவருக்கும் தெரியவில்லை.

அதிகாரிகளில் ஒரு பெண் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
கிட்ட வந்து கேட்டார்: "எந்த இடம் எண்டு சொன்னீங்க?"
அறிக்கையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.
அந்தத் தாள் எங்கே போகும், தெரியாது.
சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது.

இரவு, குறிப்பைச் செம்மையாக எழுத உட்கார்ந்தேன்.
வழமையான வரி கைக்குத் தெரியும்:
'விவசாயிகள் தமது கருத்துகளைத் தெரிவித்தனர்.'
பதினெட்டு வருடமாக எழுதிவந்த வரி.
எங்கே வைத்தாலும் பாரமில்லாதது.
வெட்டினேன்.

'விடயம் ஆறு: வாழைக்குத்தி' என்று தொடங்கினேன்.
ஐம்பதைத் தாண்டியபோது கரண்ட் போனது.
யானைக்கென்று வைத்திருக்கிற டோர்ச்சை
பல்லில் கவ்விக்கொண்டு
அடுத்த சொல்லை எழுதினேன்.