நாக்கின் கீழே

ஆயிரத்து எண்ணூறு சொன்னான்,
முதலாம் குறுக்குத்தெரு நடைபாதையில்.
ஆயிரத்து இருநூறுக்கு விட்டான்.
ஆம்பிளைச் சப்பாத்து, ஆறாம் இலக்கம்.
வெள்ளைச் சேலைக்குள் ஆர் குனிந்து பார்க்கப் போகினம்?
அளுத்கடையில் மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர்.
குதியுயர்ந்த செருப்போடு அங்கே
நிற்கலாம், வாதாடலாம்,
பஸ்ஸுக்கு ஓட ஏலாது.

கட்டிலுக்கு அடியில் இரண்டு கிழமை கிடந்தது.
வெள்ளவத்தைக் காற்று சும்மா இருக்குமா?
வெளியே இழுத்தால் சாம்பல் பூஞ்சணம்.
யன்னல் பக்கம் இருந்த வலது கால் மட்டும்
உப்புப் பூத்து, ஓரம் வெளிறி,
இடது காலுக்கு மூத்தது போல.

வினாகிரியும் தண்ணீரும் அரைக்கு அரை.
ஃபசீஹாவின் டூத்பிரஷ் (பழையதுதான், கேட்கவில்லை).
ஒரு லேஞ்சி.
லேஞ்சியில் கறுப்பு வந்தது.
மடித்துத் துடைத்தேன், இன்னும் கறுப்பு.
இரண்டாவது லேஞ்சியிலும் கறுப்பு.
பிறகு, பெருவிரல் மடிகிற இடத்தில்,
சிவப்பு.

தேய்த்த புளியங்கொட்டையின் சிவப்பு.

ஆரோ கலியாணத்துக்கு வாங்கியிருக்கலாம்.
பிறகு ஹோட்டல் வாசலில்
கதவு திறக்கிற வேலை கிடைத்திருக்கலாம்.
வழக்கென்றால் சாட்சி கேட்பேன்.
இதற்கு என்னிடம் இரண்டு அழுக்கு லேஞ்சிதான்.

ஞாயிறு இரவு ஒரு மணி.
நிறமில்லாத மெழுகைச் சுண்டுவிரலால் வட்டமாகப் பூசி,
மூச்சு விட்டு, தேய்த்து, திரும்ப மூச்சு விட்டு.
வெளிறிய ஓரம் கடைசியில்தான் இணங்கியது.
பேப்பர் விரித்து, அறைக்குள்
போக ஐந்து எட்டு, வர ஐந்து எட்டு.
"ஆரடி மாப்பிள்ளை?" என்றாள் ஃபசீஹா
போர்வைக்குள் இருந்து.

விடிய ஐந்தரைக்குக் கறுப்பு டப்பாவைத் திறந்தேன்.
சீனியர் சேலையைப் பார்க்க மாட்டார்,
சப்பாத்தைப் பார்ப்பார்.
முன்பக்கம், பின்பக்கம், தையல் இடுக்கு,
எல்லாம் என்ர கையாலேயே.
நாக்கைத் தூக்கி அடியில் பூசப் போனவள்
அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு மழை.
வாடகை வழக்கு, நாலாவது தவணை.
முதலியார் இலக்கம் கூப்பிட எழும்பி நின்றேன்.
சொக்ஸுக்குள் கறுப்பு ஊறுவது
குளிராகத் தெரிந்தது.
எதிர்த்தரப்பு வரவில்லை.
எனக்குச் சொல்ல ஒரு வரிதான் இருந்தது,
அதையும் சீனியர் சொல்லிவிட்டார்.

அடுத்த தவணை யூலை ஒன்பது.
அதற்குள் காய்ந்துவிடும்.