கண்ணாடித் துண்டு

வீடு பார்க்க வருகிறவர்கள்
யன்னலைத் திறந்து மலையைப் பார்ப்பார்கள்.
நான் குனிந்து
தரையில் ஒரு போளையை வைப்பேன்.

பண்டாரவளையில் அது
சாப்பாட்டறையில் கிளம்பி, குசினியைத் தாண்டி,
பின்கானில் விழுந்தது.
நீ விற்பது வீடல்ல, சரிவு என்று
தரகர் சில்வெஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.
தெமோதரையில் புதுப் பெயின்ட் வாசம்.
நகத்தால் சுரண்டினேன், உப்பு உதிர்ந்தது.
வெலிமடையில் கூரை சரி, கிணறும் சரி,
உறுதியில் மட்டும் ஏழு பேர்:
ஒருவர் கனடாவில்,
இருவர் கோபத்தில்.

கூரை போயிருந்தால் வாங்கலாம்,
வயர் கருகியிருந்தால் வாங்கலாம்,
மலை போகுமென்றால் வாங்கக் கூடாது.
விமலசேன பாஸின் வேதம் இது.
அவர் முதலில் வீட்டையே பார்ப்பதில்லை.
மேட்டில் நிற்கும் சவுக்கு மரங்களைப் பார்ப்பார்.
அடியில் வளைந்து நுனியில் நிமிர்ந்திருந்தால்
மண் நடந்துகொண்டிருக்கிறது.

ஹப்புத்தளையில், ரயில் பாதைக்கு மேலே,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஜபார்தீனின் வீடு.
பதினொரு பேர்ச். துருவேறிய தகரம்.
குளியலறையில் காளான்.
சவுக்குகள் நேராக நின்றன. போளை அசையவில்லை.
ஆனால் முன்சுவரில், அலுமாரியை நகர்த்தியதும்,
நிலையின் மூலையிலிருந்து வளை வரைக்கும்
சுண்டுவிரல் நுழையும் வெடிப்பு.

சில்வெஸ்டர் இருமினார்.
ஜபார்தீனோ டோர்ச் எடுத்துவந்து தானே காட்டினார்:
வெடிப்பின் குறுக்கே, இரு கரையிலும் சாந்தில் பதித்த
ஒரு கண்ணாடித் துண்டு.
பக்கத்தில் பென்சிலில் தேதி.
பதினாலு வருசம் பழசு.
"சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் இது உடையும்.
ஒவ்வொரு மழைக்கும் பார்ப்பேன்.
என் முகத்தை இவ்வளவு பார்த்ததில்லை என்பாள் பெண்சாதி."

அப்போது கீழே பதுளை ரயில் வந்தது.
பேச்சை நிறுத்திவிட்டு
மூவரும் கண்ணாடியையே பார்த்தோம்.
தகரம் கிலுங்கியது. கோப்பைகள் கிலுங்கின.
அது சும்மா இருந்தது.

அன்றே முற்பணம் கொடுத்தேன்.
பேரம் பேச மறந்துபோனேன்.
கொப்பியில் தொகையைக் கண்ட ரஞ்சிதமலர்
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்து மாதம். பாதி மழை.
கடைசியாக முன்சுவர்.
பாஸ் சாந்தைக் குழைத்து, மணியாசுக் கட்டையோடு நின்று,
"மூடவா?" என்றார்.
மூடினால் இரண்டு லட்சம் கூடும்.
மூடினாலும் பொய்யில்லை, செத்த வெடிப்புத்தானே.

லயத்தில் எங்கள் காம்பராச் சுவரிலும் ஒன்று இருந்தது.
ஒவ்வொரு தைக்கும் அப்பா
அதன்மேல் புதுக் கலண்டர் மாட்டுவார்.
அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்.

கண்ணாடியைச் சுற்றி ஒரு சாண் விட்டு
மற்றதைப் பூசச் சொன்னேன்.
பாஸ் சிரித்தார். பிறகு சிரிக்காமல்
விளிம்பைக் கத்தியால் நேர்த்தியாக வெட்டினார்.

வெள்ளவத்தைக்காரர் சுற்றிப் பார்த்தார்,
குசினி மெச்சினார், விரலை நீட்டி
"அது என்ன?" என்றார்.
டோர்ச் எடுத்தேன். சொன்னேன்.
யோசித்துச் சொல்வதாகக் காரில் ஏறினார்.
இதுவரை மூன்று பேர் யோசிக்கிறார்கள்.
வங்கி வட்டி யோசிப்பதில்லை.

இன்றைக்கு வந்திருப்பவர் தியத்தலாவை டீச்சர்,
பெயர் சாருலதா.
விலை கேட்கவில்லை. கண்ணாடிக்குக் கிட்டப் போய்
மூச்சால் பனித்து, முந்தானையால் துடைத்து,
"அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?" என்றார்.

ரயில் நாற்பது நிமிடம் தாமதம்.
சுவருக்கு முன்னால் இருவரும் நிற்கிறோம்.
தேத்தண்ணி ஆறிவிட்டது.