விடுபட்ட லை

வாகரையிலிருந்து ஐந்தரை பஸ்.
பனிச்சங்கேணிப் பாலத்தில் இன்னும் விடியவில்லை.
மடியில் பைல்,
பைலுக்குள் நான்,
சமாதான நீதவான் ஒப்பமிட்டு
‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்திய நான்.

பார் வீதி மாடியில் கரண்ட் இல்லை.
பனலில் ஒராள் கொழும்பிலயாம்,
வேற நாள் வாங்க.

வேறு நாள் எட்டுப் பேர், நாலு கதிரை.
பாதிக் கதிரை தந்த ஓட்டமாவடி றிஸ்மியா
காதுக்குள் சொன்னாள்:
ஆள் எடுத்தாச்சாம் கா,
நம்மளக் கூப்பிட்டது கணக்குக் காட்ட.
சொல்லிவிட்டு அவளும் எழும்பவில்லை,
நானும் எழும்பவில்லை.

உள்ளே
சிங்களம் எழுதுவீங்களா என்றார்கள்,
மோட்டார் சைக்கிள் ஓடுவீங்களா என்றார்கள்.
போனிலிருந்து கண்ணெடுக்காத ஒருவர்
கலியாணம் எப்ப என்றார்.
அதற்கு எத்தனை புள்ளி என்று
வாய் வரை வந்தது.

திங்களுக்குள் ஒரு செயற்திட்டம் எழுதித் தாங்க,
பத்துப் பக்கம்,
சும்மா, உங்கட திறமையைப் பார்க்கத்தான்.

மச்சானின் லேப்டாப்பில் ‘ந’ அமுங்காது.
நண்டு, நிதி, நிலைபேறு
எல்லாவற்றுக்கும் வேறிடத்தில் வெட்டி ஒட்டினேன்.
களப்புக் கரையில் கூடு இறக்கிக்கொண்டிருந்த யோகமலரிடம்
கிலோ என்ன விலை என்று கேட்டேன்.
வாங்க வாறவன் சொல்றதுதான் விலை என்றாள்.
அதையும் எழுதினேன், நாலாம் பக்கத்தில்.
முடிக்கும்போது
பள்ளிவாசலில் சுபஹு பாங்கு.

மாசியில் கொடுத்தது.
வைகாசியில் எடுத்தேன்: அறிவிப்பம்.
ஆனியில் எடுத்தேன்:
நீங்க எந்த வேக்கன்சிக்கு?
பிறகு அந்த நம்பர் அடிக்கவேயில்லை.

ஆவணியில் கிராம சேவகர் சொல்லியனுப்பினார்,
கூட்டமாம், பலநோக்கு மண்டபத்தில்,
வீட்டுக்கு ஒராள், சாப்பாடும் உண்டு.

மேடையில் புது பனர்:
‘பெண் தலமைக் குடும்பங்களுக்கான
களப்பு நண்டு வளர்ப்புத் திட்டம்.’

தலமை.

மூன்று மணித் தூக்கத்தில்
என் கையிலிருந்து வழுக்கிய அதே ‘லை’,
அடி அடியாய்ப் பெருத்து
இல்லாமல் நின்றது.

கள உத்தியோகத்தர் கோகுலரூபன்
(நல்ல பிள்ளை, அவரில் பிழையில்லை)
தாளைப் பார்த்து வாசித்தார்:
வாங்க வருபவர் சொல்வதே விலையாக உள்ளது.
பின்வரிசையில் யோகமலர்
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வரவுத்தாள் வந்தது.
பெயர், அடையாள அட்டை, தொழில்.
தொழிலுக்கு நேரே ஒரு கோடு இழுத்தேன்.
பயனாளி இலக்கம் பதினேழு.

கை உயர்த்தினேன்.
தம்பி, அதில ‘லை’ வரவேணும்.

அவர் பனரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்,
பேனையால் எங்கோ திருத்தினார்.
நல்லாக் கவனிக்கிறீங்க அக்கா,
அடுத்த முறை ஆள் எடுக்கேக்க
கட்டாயம் அப்ளிகேஷன் போடுங்க.

சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தேன்.
நண்டுக் கறி.
ஓட்டை உடைக்க
நல்ல நேரம் எடுத்தது.