செம்மண்டலம் ஃபீடர்

பதினோரு எபிசோடாகிறது
அவன் அவள் கையைத் தொட.
தொட்டதும் இல்லை.
குடைக்காம்பில் இரண்டு விரல்
பக்கத்தில் பக்கத்தில், அவ்வளவுதான்.
அதற்கே நான்
மின்வாரியப் புகார் மைய நாற்காலியில்
நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மஞ்சக்குப்பம், இரவு ஒன்பதே முக்கால்.
ரெஜிஸ்டர்மேல் சாய்ந்து நிற்கிறது போன்.
ஒரு காதில் கொரியா,
ஒரு காதில் கடலூர்.

தமிழ் டப்பிங் பார்ப்பதில்லை.
அந்த நெட்டைப் பையன் வாய் திறந்தால்
நகைக்கடன் விளம்பரக் குரல் வருகிறது.
அவன் மொழியிலேயே பேசட்டும்.
அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.
முழங்கால் இடித்துக்கொண்ட கிழவி
ஐகோ என்கிறாள்.
மீதிக்குக் கீழே எழுத்து ஓடுகிறது,
அது முந்திக்கொண்டால்
முகத்தைப் படித்துக்கொள்கிறேன்.

என்னம்மா இருக்கு அதுல, என்பார்
வயர்மேன் தெய்வசிகாமணி.
என்ன சொல்ல.
நூடுல்ஸைப் பாத்திர மூடியில் வைத்து ஊதுவார்கள் சார்.
கோபித்துக்கொண்டு போகிறவளும்
செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் போவாள்.
பையனின் அம்மா கவரில் பணத்தோடு வந்து
என் மகனை விட்டுவிடு என்பாள்,
ஒருத்தியாவது அதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?
குடித்துவிட்டுத் தூங்கியவளை முதுகில் ஏற்றி
மேட்டுத்தெரு முழுக்க நடப்பான்
மூச்சு வாங்காமல்.
என்னை யாரும் சுமந்ததில்லை சார்,
வெள்ளத்தன்று ஒரு தீயணைப்புக்காரர் தவிர.
அவரும் வழியெல்லாம்
என் வெயிட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் சொல்லவில்லை.
டைம்பாஸ் சார், என்றேன்.

ஒன்பது ஐம்பத்திரண்டு.
தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ஒரே ஒரு காற்று.
செம்மண்டலம் ஃபீடர் ட்ரிப்.
எனக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது,
அவர்களுக்கு என் நம்பர் இருக்கிறது.
மாவு பாதி கிரைண்டரில் நிக்குது.
மீன்தொட்டி மோட்டார் ஓடலை, எல்லாம் செத்துடும்.
போன வாரமும் இதேதானே சொன்னீங்க?
ஆள் போயிருக்காங்க சார்.
போயிருக்காங்கம்மா.

ஏழாவது அழைப்பு. பெயர் நூர்ஜமீலா.
எப்ப வரும்?
நாற்பது நிமிஷமாகும்.
நாற்பதா, என்றாள்.
வைக்கவில்லை.
ஒண்ணுமில்ல மேடம், ஒரு சீரியல்.
நல்ல இடத்துல போயிடுச்சு.
பனி கொட்டுது, அவன் குடையோட நிக்கிறான்,
இவ ரோட்டுக்கு அந்தாண்ட,
சிக்னல் சிவப்புல...

என் பேனா நின்றது.

எனக்குத் தெரியும் பச்சை விழும் என்று.
தெரியும் அந்த இரண்டு விரல்.
இந்த ஊரில் யாரைவிடவும்
எதிலும் முன்னால் இருந்தவளில்லை நான்.
இவளைவிட ஏழு நிமிடம் முன்னால் இருக்கிறேன்.
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
பதினோரு எபிசோட் பொறுத்தவளிடமிருந்து
அதை எப்படிப் பிடுங்குவது?

சொல்றேன்மா, என்றேன்,
எதை என்று சொல்லாமல்.

சார், செம்மண்டலத்தை முதல்ல பாருங்க.
ஏன், ஆஸ்பத்திரியா?
இல்ல சார், சிக்னல் ஒண்ணு நின்னுபோச்சு.
எது, பாரதி ரோடா?
ஆமாம் இல்லை இரண்டுக்கும் பொதுவாக
ஒரு 'ம்' போட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது.
போனில் பனி.
நடுவில் நான்,
படத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி
சிவப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.
இந்தக் கரையில் அவன்.
அந்தக் கரையில் அவள்.
நகரக்கூடாது, இருவரும்.

பத்து இருபத்துநான்கு.
சார்ஜ் ஆயிடுச்சும்மா, என்றார் சிகாமணி,
பல் தந்தியடிக்க.
எழுதினேன்:
குறை, மின்தடை. நிலை, சரிசெய்யப்பட்டது.

அவள் வீட்டு வைஃபைக்கு உயிர் வர
இரண்டு நிமிடம் கொடுத்தேன்.
டிவி திறக்க இன்னொன்று.
இடம் தேடிப் பிடிக்கக் கொஞ்சம்.

பிறகு
பச்சையைப் போட்டேன்.