ஒரு சொல்லுக்கு ஒரு ரூபாய்

இனயம் புத்தன்துறை, பங்கு மண்டபத்து மாடி.
மறைக்கல்வி பெஞ்சுகளை வட்டமாய் இழுத்துப் போட்டு
நடுவில் உட்கார்ந்தாள் பிலிப்பா.
டெர்பிக்காரி. தபால் ஆபீசில்
முப்பது வருடம் முத்திரை குத்திய கை.
சம்பளம் கிடையாது, விமான டிக்கெட்டும் அவள் காசு.
எதுக்கு இவ்வளவு தூரம் என்று கேட்க
எங்கள் ஆங்கிலம் போதவில்லை.
உங்களைப் பேச வைக்க, என்று அவளே சொன்னாள்,
ஒவ்வொரு சொல்லையும் பல்லிடுக்கில் நிறுத்திக் காட்டி.

ஏழு பேர், எல்லோரும் நர்சிங் முடித்தவர்கள்.
நரம்பு தேடத் தெரியும், டிரிப் ஏற்றத் தெரியும்,
விடியக்காலம் மூணு மணிக்கு ஒரு உயிர் போவதைக்
கையைப் பிடித்தபடி பார்த்திருக்கிறோம்.
தெரியாதது, முகம் தெரியாதவரோடு சும்மா பேசுவது.

மேசைமேல் ஒரு பிஸ்கட் டின்.
தமிழில் ஒரு சொல் விழுந்தால் ஒரு ரூபாய்.
முதல் வாரம் ஷைபி மட்டும் பதினாறு.
'ஐயோ' கணக்கில் வருமா என்று ஒருநாள் வழக்கு நடந்து
வராது என்று தீர்ப்பானது.
அதற்குப்பின் எங்கள் ஆங்கிலம் முழுக்க
ஐயோவில் தொடங்கி ஐயோவில் முடிந்தது.

சனிக்கிழமைப் பாடம்: புதியவரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி.
சம்பளம் கேட்காதே. வயது கேட்காதே.
கல்யாணம் ஆச்சா, பிள்ளை எத்தனை,
கேட்கவே கேட்காதே.
நாங்கள் பஸ் கருங்கல் தாண்டுமுன்
பக்கத்து சீட்டில் கேட்டு முடிப்பதெல்லாம் இவைதான்.
வானிலையைப் பேசுங்கள், என்றாள்.
அது யாருக்கும் நோகாது.

டெல்பின் பக்கம் திரும்பினாள்:
இன்று நல்ல வானிலை, இல்லையா?
ஆமாம், ரொம்ப நல்லது. இவ்வளவுதான் வேண்டியிருந்தது.
ஜன்னலில் நாங்களும் பார்த்தோம்.
நீலம். ஒரு பிசிறு மேகம். தென்னை அசையவில்லை.

டெல்பின் பையைத் திறந்து
ஒரு இருபது ரூபாய்த் தாளை மடித்து
டின்னுக்குள் போட்டாள்.
பிறகு பேசினாள்.

"நல்லது இல்ல.
கச்சான் நின்னு போச்சு, ரெண்டு நாளா அனக்கமில்ல.
நீவாடு மாறிக் கெடக்கு, வெள்ளம் தெளியல.
நேத்து ராத்திரி தெக்க மின்னிச்சு, சத்தம் இல்ல.
எங்களுக்க அப்பா வள்ளத்துல நாலு பேரு.
போன் எடுக்கல்ல."

எண்ணினால் இருபதைத் தாண்டியிருக்கும்.
யாரும் எண்ணவில்லை.

பிலிப்பா என்னைப் பார்த்தாள்.
அந்த ஏழு பேரில் எனக்குத்தான் கொஞ்சம் ஓடும்.
எழுந்தேன். கச்சான் என்றால் மேற்குக் காற்று என்றேன்,
ஆனால் எல்லா மேற்குக் காற்றும் கச்சான் இல்லை என்றேன்,
நீவாட்டுக்கு வந்ததும் கையை ஆட்டிக் காட்டினேன்.
கடைசியில் மிச்சமிருந்தது ஒரே வாக்கியம்:
விண்ட் ஹாஸ் ஸ்டாப்ட்.

ஓ, குட், என்றாள்,
டெல்பினின் முகம் பார்த்தாள்,
வாயை மூட மறந்தாள்.
அன்றைக்கு அதன்பின் பாடம் நடக்கவில்லை.
அவளும் எங்களோடு ஜன்னலோரம் நின்றாள்,
எதைப் பார்ப்பது என்று தெரியாமல்.

திங்கள் காலை வள்ளம் தேங்காப்பட்டணத்தில் அணைந்தது.
போன் கடலில் விழுந்திருந்தது, வேறொன்றுமில்லை.
இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனாள் பிலிப்பா.
பேசினதுக்கு உள்ள காசு, என்று டெல்பின் வாங்கவில்லை.
ஆறாம் வாரம் டின்னைக் கவிழ்த்து
எல்லோருக்கும் பழம்பொரியும் சாயாவும்.

போன மாதம் எனக்கு இன்டர்வியூ, லீட்ஸிலிருந்து, வீடியோவில்.
சிரித்தபடி முதல் கேள்வி:
அங்கே வானிலை எப்படி?
பதில் நாக்கு நுனியில் இருந்தது, ஒரே சொல்.
எழுந்துபோய் ஜன்னல் கொளுத்தை நீக்கி
மேற்கே பார்த்தேன். அப்புறம் தெற்கே.
பின்னால் திரையில் அவர்கள்
ஹலோ, ஹலோ, கேட்கிறதா
என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.