பத்திலொரு பங்கு

குருநகர் மண்டபத்து விட்டத்தில் துளைத்தெடுத்த
மூன்று உருளைகளை ஈரச் சாக்கில் சுற்றி
வெள்ளிக்கிழமையே கொண்டுவந்தார்
ஒப்பந்தகாரர் அமலதாஸ்.
"அமத்திப் பாருங்கோ தங்கச்சி,
மலை மாதிரி நிக்கும்."

அமத்தினால் எல்லாம் நிற்கும்.
நான் இழுத்துப் பார்க்கிறவள்.
தாங்குவதில் பத்திலொரு பங்குதான்
இழுவைக்கு மிஞ்சும்.

இரு முனையிலும் இரும்புத் தகடு ஒட்டி
பசை காய ஓர் இரவு.
காலையில் கரண்ட் போய், வந்து,
பதினொன்றே காலுக்கு ஊசி ஏறத் தொடங்கிற்று.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
ஆனால் நீள்கிறது,
ஒரு தலைமயிரைக் கீலங்கீலமாய்க் கிழித்தால்
அதில் ஒரு கீலமளவு.
கல்லுக்கும் சீமெந்துக்கும் நடுவே
எத்தனையோ நுண்வெடிப்புகள்
ஒரே நேரத்தில் வாய் திறக்கின்றன.
இன்னும் ஒருவர் மேலும் குற்றமில்லை.

உச்சம் தாண்டினால்
ஒன்று முந்திக்கொள்ளும்.
மற்றதெல்லாம்
(படித்த நாளில் இதை நான் நம்பவில்லை)
மூடிக்கொள்ளும்.
தமக்கொன்றும் தெரியாததுபோலச் சுருங்கி
பழைய நீளத்துக்குக் கிட்டப் போய்விடும்.
இழுவை முழுதும் அந்த ஒன்றின் தலையில்.

டக்.

"எவ்வளவு?"
"ஒண்டு தசம் நாலு."
"பத்தால பெருக்கி எழுதிவிடுங்கோவன்."
அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முறிந்த முகத்தில் ஒரு சிப்பி,
சின்னது, மூடினபடி.
பக்கத்தில் கம்பியின் துரு
ஒரு மஞ்சள் விரலாய்ப் பதிந்திருந்தது.
துரு வீங்கினால் வெளியிலிருந்து
யாரும் வந்து இழுக்கத் தேவையில்லை.
நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு.

"அந்த நேரம் நல்ல மண்ணுக்கு எங்க போறது?
இருபது பேர் சேர்ந்து கட்டினது.
மண் ஏத்தினவன், ஏத்தச் சொன்னவன்,
கண்டும் காணாத மாதிரிக் கையெழுத்து வைச்சவன்.
இப்ப கேட்டால் ஒருத்தரும் இல்லை."
கொஞ்ச நேரம் சாக்கை மடித்தார், விரித்தார்.
"பதினெட்டாந் திகதி
பியற்றிஸின்ர கலியாணம் அங்கதான்.
கார்ட் அடிச்சாச்சு."

அறிக்கைத் தாள் மேசையில் கிடந்தது.
பேனை அவர் பக்கமாக உருண்டு நின்றது.
எடுத்து என்னிடம் தந்தார்.

"ரெண்டாவதையும் இழுங்கோ."

பூட்டினேன்.
ஊசியை அவர் பார்க்கவில்லை.
அண்ணாந்து எங்கள் ஆய்வுகூடக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதுவும் அவர் கட்டினதோ
என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.