நாடி இல்லாத நான்கு மணி நேரம்

நவம்பர் முடியப்போகிறது. ட்ரொம்ஸோவில்
சூரியன் எழாமல் இது மூன்றாவது நாள்.
ஏரிப்பனி உடைந்து பனிவண்டியோடு உள்ளே போனவரை
ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள்.
பெயர் யோவ்னா. வயது ஐம்பத்திரண்டு.
கலைமான் மேய்ப்பவர்.
உடல் வெப்பம்: பதினெட்டு புள்ளி ஒன்று.
நாடி: இல்லை.

வெதுவெதுப்பான ஊர்களில்
இந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.
இங்கே அப்படி இல்லை.
சூடேறிய பிறகும் செத்திருந்தால்தான் சாவு.
பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டோம்.
ஐந்து புள்ளி எட்டு.
அந்தச் சின்ன எண்ணில் ஒரு கதவு
சாத்தாமல் கிடந்தது.

என் வேலை, சொன்னால் சிரிப்பீர்கள்,
குழாய் வேலை.
தொடைச் சிரைக்குள் ஒரு குழல்.
கருத்த ரத்தம் கட்டில் விளிம்பைத் தாண்டி
என் மேசைக்கு வருகிறது.
பம்பு அதைப் பெட்டிக்குள் தள்ளுகிறது.
உள்ளே மயிர்போல் மெல்லிய இழைகள், ஆயிரக்கணக்கில்,
ஆக்சிஜன் ஏந்திக் காத்திருக்கின்றன.
நுழையும்போது நாவல்பழம்,
வெளிவரும்போது மிளகாய்ப்பழம்.
கொஞ்சம் சூடாக்கி,
தமனி வழியே திருப்பி அனுப்புகிறேன்.
கைப்பிடியளவு தசை ஒன்று
ஐம்பத்திரண்டு வருடம் சம்பளமில்லாமல் செய்ததைச் செய்ய
நானும் மூன்று மின்செருகிகளும்.

ஒரே ஒரு வித்தியாசம்.
இதயம் தட்டித் தட்டித் தள்ளும்.
என் பம்புக்குத் தாளம் கிடையாது,
வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒரே சீர்.
தோர்தீஸ் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"ஒன்றுமே இல்லை."
அவள் விரலுக்குக் கீழே
அவர் நகக்கண் சிவந்துகொண்டிருந்தது.

குளிரில் உடம்பு கருமி.
காதுமடலைக் கைவிட்டது, பாதத்தைக் கைவிட்டது,
விரல்களை விற்று மூளைக்குச் சேமித்தது.
இப்போது தந்துகிகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.
ரத்த அணு உடலை ஒடுக்கி
ஒற்றை வரிசையில் நுழைகிற சந்துகள் அவை.
கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேதான்;
பெருந்தமனி வெறும் நெடுஞ்சாலை.
சந்துகள் திறந்ததும்
உள்ளே தேங்கிய அமிலம் முதலில் கிளம்பி வந்தது.
அழுத்தம் சரிந்தது.
இருபது நிமிடம் நான் யாரோடும் பேசவில்லை.

வெளியே அவருடைய அக்கா எல்லே,
கையுறையைக் கழற்றாமல் நின்றிருந்தார்.
"உயிர் இருக்கிறதா?"
"ரத்தம் ஓடுகிறது" என்றேன்.
"பனிக்கு அடியில் ஏரியும்தான் அசைகிறது" என்றார்.
பதில் தெரியாமல் உள்ளே வந்தேன்.

இருபத்தெட்டு டிகிரியில் திரைக்கோடு நடுங்கத் தொடங்கியது.
துடிப்பல்ல அது,
ஆளுக்கொரு திசையில் இழுக்கிற நாலு அறைகள்.
ஒரு மின்னடி.
கோடு படுத்தது.
பிறகு, வெகுநேரம் போலத் தோன்றிய பிறகு,
தட்டைச் சிவப்பில் ஒரு மேடு.
தோர்தீஸ் மறுபடி மணிக்கட்டைப் பிடித்தாள்,
கண்ணை மூடிக்கொண்டு.

அப்புறம்தான் கஷ்டமான பகுதி:
விலகுவது.
நிமிடத்துக்கு நாலு லிட்டர் தள்ளிக்கொண்டிருந்தவள்
மூன்றுக்கு இறங்கினேன். காத்திருந்தேன். இரண்டரை.
ஒவ்வொரு முறை நான் குறைக்கும்போதும்
கரண்டியைப் பிடுங்கித் தானே உண்ணப் பார்க்கும் பிள்ளைபோல்
அந்த இதயம் சிந்திச் சிந்தி வாங்கிக்கொண்டது.
ஒன்று. அரை.
குழாயை இறுக்கினேன்.

பிப்ரவரியில் வந்தார், எட்டு விரல்களோடு.
நன்றி எதுவும் சொல்லவில்லை.
"அந்த நேரமெல்லாம் என் ரத்தம் எங்கே போய்வந்தது?"
பிரிக்காத உறையிலிருந்து
ஒரு புதுக் குழாயை எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டு கையையும் விரித்து, முழம் போட்டு,
மறுபடியும் ஒருமுறை அளந்தார்.
"இவ்வளவுதானா?
மான் பிடிக்கிற கயிறே இதைவிட நீளம்."